உயரம் குறைந்தவன், முட்டியில் கட்டு



இளையோர் காற்பந்தில் தேர்வாளரை அதிகம் திணறவைப்பவன் திறமை இல்லாத பையன் அல்லன். அவனைப் பற்றி முடிவெடுக்கப் பத்து நிமிடம் போதும். திறமை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் உடல் சிறியது, அதோடு முட்டியில் கட்டும் இருக்கிறது என்று வந்து நிற்பவனே சிக்கல். அவனுக்கு முதல் தேர்விலேயே ஓர் இடம் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

அமெரிக்கக் காற்பந்தில் இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலே உண்டு. என்.எப்.எல். போட்டியின் 32 குழுக்களும் ஆண்டுதோறும் 7 சுற்றுகளாகக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. கடந்த பருவத்தில் கடைசியில் நின்ற குழுவுக்கு முதல் வாய்ப்பு. இந்தியாவின் ஐ.எஸ்.எல். காற்பந்துப் போட்டியும் சில ஆண்டுகள் இம்முறையைக் கையாண்டது. 2017இல் மும்பையில் நடந்த தேர்வில் ஜாம்ஷெட்பூர் குழு அனஸ் எடத்தொடிகாவை முதல் ஆளாக எடுத்தது. மலேசியாவில் அப்படிச் சுற்றுகள் இல்லை. இங்கே முதல் சுற்று என்பது ஒரு விடுதிக் கட்டில். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில், பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியில், பிறகு இளையோருக்கான பியாலா பிரெசிடன் போட்டியில் ஆடும் அணியின் பட்டியலில் என்று எண்ணி வைத்த இடங்கள் அவை. ஒருவனுக்குக் கொடுத்தால் இன்னொருவனுக்கு இல்லை.

முதலில் உயரம். தேர்வு நாளில் குட்டையாக நிற்கும் பையன்கள் மூன்று வகையினர்: தாமதமாக வளர்பவன், பெற்றோரைப் போலவே குட்டையாக நின்றுவிடப் போகிறவன், சத்துக் குறைவாலோ நோயாலோ வளர்ச்சி தடைப்பட்டவன். பார்வைக்கு மூவரும் ஒன்றுதான். ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் உச்சத்தைத் தொடுகிறது. அந்த ஓராண்டில் 9, 10 சென்டிமீட்டர் கூடுவது சாதாரணம். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒருவன் 12 வயதிலேயே அதைத் தொட்டுவிடுவான், இன்னொருவனுக்கு 16 ஆகும். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் எலும்பு வயதில் நான்கைந்து ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம். இதோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஆம் தேதியை வைத்துப் பிரிக்கப்படுவதால், டிசம்பரில் பிறந்தவன் தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவனோடு மோதுகிறான். கனடாவின் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் 1985இல் காட்டினார்கள். காற்பந்திலும் நிலைமை அதுவே. ஒரு மாநில அணியின் பெயர்ப்பட்டியலில் பிறந்த மாதங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும், தேர்வாளர் திறமையைத் தேர்ந்தெடுத்தாரா நாள்காட்டியைத் தேர்ந்தெடுத்தாரா என்பது விளங்கிவிடும்.

மூன்று வகையினரையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தந்தை, தாய் இருவரின் உயரத்தையும் கூட்டி, 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுத்தால் மகன் எட்டக்கூடிய உயரம் உத்தேசமாகக் கிடைக்கும். தந்தை 165, தாய் 152 என்றால் மகன் 165. முன்பின் எட்டு, பத்து சென்டிமீட்டர் விலகலாம். அப்பாமார் வாயால் சொல்லும் உயரத்தை நம்பக்கூடாது, சுவரோரம் நிற்கவைத்து அளக்க வேண்டும். பையனின் இப்போதைய உயரம், எடை ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கும் காமிஸ்-ரோச் முறை 1994இல் வெளியானது. எக்ஸ்ரே இல்லாமலே ஓரளவு துல்லியமாகச் சொல்லும். ஆனால் அது அமெரிக்க வெள்ளையினக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து உருவானது. இங்கே ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது தவறு. இன்னும் எளிய அடையாளம் ஒன்றுண்டு. உடல் வளரும்போது பாதம் முந்திக்கொள்ளும், அடுத்து கால், கடைசியாகத்தான் உடற்பகுதி. பூட்ஸ் ஆறு மாதத்தில் இரண்டு அளவு கூடியிருந்தால் பையன் வளர்ச்சியின் வாசலில் நிற்கிறான் என்று பொருள். அளவு ஓராண்டாக மாறவில்லை, குரலும் உடைந்துவிட்டது, மீசையும் அரும்பிவிட்டது என்றால் இனி அதிகம் எதிர்பார்க்க முடியாது.

சத்துக் குறைவைத் தோட்டப்புறத்தில் தனியாகவே பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த பையன் குட்டையாக இருக்கிறானோ இல்லையோ, இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவான். பயிற்றுநர் அதைச் சோம்பல் என்று எழுதிவிடுவார். அரசுச் சுகாதார மருந்தகத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நோயால் தடைப்பட்ட வளர்ச்சிக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு மெஸ்ஸி. வளர்ச்சி ஊக்கிக் குறைபாட்டோடு 13 வயதில் பார்சலோனாக் கழகத்துக்கு வந்த அந்தப் பையனுக்கு, 2000 டிசம்பரில் அக்கழகத்தின் கார்லெஸ் ரெக்சாக் ஒரு காகிதக் கைக்குட்டையில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். சிகிச்சைச் செலவையும் கழகம் ஏற்றது. இன்று அவர் உயரம் 170 சென்டிமீட்டர்.

மெஸ்ஸியின் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு குட்டைப் பையனுக்கும் பரிந்து பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வென்றவர்களின் பெயர்தான் ஊருக்குத் தெரியும். அதே உயரத்தோடு, அதே கனவோடு வந்து காணாமல் போனவர்களின் பட்டியலை யாரும் வைத்திருப்பதில்லை. ஆகவே உதாரணத்தை வைத்து முடிவு செய்யாமல் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நல்ல சிறிய பையன் பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவிடுகிறான். மோதல் வரும் திசையை அறிந்து, அதற்கு மறுபக்கத்தில் பந்தை அடக்குகிறான். பெரிய பையன்களிடம் அடிபட்டு அடிபட்டு அவன் கற்ற பாடம் அது. பெரியவனுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டிருக்காது. இது இல்லாமல் வெறும் துடிப்பும் ஓட்டமும் மட்டும் இருந்தால், அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டிவிட்டு நகரலாம். ஆடும் இடமும் முக்கியம். கோல் காவலருக்கும் மையத் தற்காப்பாளருக்கும் உயரம் கிட்டத்தட்ட தகுதியே. பக்கவாட்டிலும் மத்தியத் திடலிலும் அப்படி இல்லை.

நம் மாநிலமான நெகிரி செம்பிலானிலேயே இதற்குச் சான்று உண்டு. காற்பந்து ஆட்டக்காரர் எஸ். குணாளன் ஆளைப் பார்த்து அஞ்சும்படியான உடல்வாகு கொண்டவர் அல்லர். வலப்பக்கத்தில் வேகத்தால் பெயரெடுத்த அவர், பாரோய் அரங்கத்தைச் சொந்தத் திடலாகக் கொண்ட மாநில அணியில் ஆடினார். அந்த அணி 2009இல் கிளந்தானை 3-1 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு கே. ராஜகோபாலின் பயிற்சியில் இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று தென்கிழக்காசிய சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்த தேசிய அணியிலும் அவர் இருந்தார். பின்னாளில் தாக்குதலிலிருந்து வலப்புறத் தற்காப்புக்கு இறங்கியும் ஆடினார். உடல் சிறியவனுக்கு ஒன்றுக்கு இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்திருப்பது பாதி உயரத்துக்குச் சமம்.

காயம் வேறு கணக்கு. உயரம் என்பது பெரும்பாலும் காலத்தின் கேள்வி. காயம் வரலாற்றின் கேள்வி. காயத்தைப் பொறுத்தவரை தேர்வாளர் கடுமையாக இருப்பதே நல்லது. ஏற்கெனவே பட்ட காயமே அடுத்த காயத்துக்கு வலுவான முன்னறிகுறி என்று காற்பந்து மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் எந்தக் காயம் என்று கேட்காமல் கடுமை காட்டுவதில் பயனில்லை.

முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் புடைத்து வலித்தால் அது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். குதிகால் வலித்தால் சீவர்ஸ். இரண்டும் எலும்பு வேகமாக வளரும்போது தசைநாண் இழுப்பதால் வருபவை. ஆட்டத்தைக் குறைத்தால் அடங்கும், வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் போய்விடும். இவற்றுக்காக ஒரு பையனை நீக்குவது அறியாமை. சொல்லப்போனால் அவை வளர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்ற நற்செய்தி. கணுக்கால் பிசகு தோட்டத் திடல்களில் சர்வ சாதாரணம். மேடுபள்ளமான தரையில் ஆடி, எண்ணெய் போட்டு உருவி விட்டு, மூன்றாம் நாளே மறுபடி ஆடப் போவதால் அது தளர்ந்துபோய் ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும். முறையான பயிற்சி கொடுத்தால் தேறும் என்பதால் இதுவும் தடை அல்ல. எலும்பின் வளர்தட்டில் முறிவு என்பது அப்படியல்ல. அதை உருவி விடவே கூடாது. கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும் ஆபத்து உண்டு. எக்ஸ்ரே பார்க்காமல் அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது. பின்தொடைத் தசை இரண்டு முறைக்கு மேல் கிழிந்திருந்தால், வேகத்தை மட்டுமே நம்பி ஆடும் பையனுக்கு அது பெரிய எச்சரிக்கை.

முட்டியின் ஏ.சி.எல். தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை ஆனவனே உண்மையான சோதனை. 25 வயதுக்குட்பட்டு, சிகிச்சைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ மீண்டும் அறுகிறது என்று 2016இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அதே ஆண்டு நார்வே ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள்: ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய ஆபத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. ஆகவே எட்டு மாதத்தில் துள்ளிக்கொண்டு தேர்வுக்கு வரும் பையனின் ஆர்வத்தைப் பாராட்டக்கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். ஒற்றைக் காலில் தாவச் சொல்லி இரு கால்களின் தூரத்தையும் ஒப்பிடுவது எந்தத் திடலிலும் செய்யக்கூடிய சோதனை. காயம்பட்ட கால் மற்றதன் தூரத்தில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும்.

சிறிய உடலும் காயமும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா என்பது அடுத்து. தொடர்பு இருந்தால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும். தாமதமாக வளர்பவன், முன்கூட்டியே வளர்ந்தவர்களோடு ஒவ்வொரு வாரமும் மோதுவதால் காயப்பட்டிருக்கலாம். திறமையுள்ள தோட்டத்துப் பையன் பள்ளி அணிக்கு ஆடுவான், தோட்ட அணிக்கு ஆடுவான், மாரியம்மன் கோயில் திருவிழாக் கிண்ணத்தில் அண்ணன்மாரின் அணியிலும் ஆள் குறைகிறதென்று இறங்குவான். காயத்துக்கு முந்திய மாதத்தில் எத்தனை ஆட்டம் ஆடினான் என்ற கேள்வி, எம்.ஆர்.ஐ. படம் சொல்லாததைச் சொல்லும். மோதல் இல்லாமலே, ஆட்டம் குறைவாக இருந்தும், மாறி மாறி வெவ்வேறு இடங்களில் காயம் வருகிறதென்றால் மட்டும் உடலமைப்பையே சந்தேகிக்க வேண்டும்.

இனி விலை. ட்ரூ பிரீஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து ஆட்டக்காரர் தம் இடத்துக்குப் போதுமான உயரம் இல்லாதவர் என்று கருதப்பட்டதால் 2001இல் முதல் சுற்றில் எடுபடவில்லை, இரண்டாம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். 2005ஆம் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோள் கிழிந்தது. மயாமி குழு மருத்துவர்களின் ஐயத்தைக் கேட்டு அவரை எடுக்கத் தயங்கியது. நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டு 2010 பிப்ரவரியில் என்.எப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. அதேபோல் குட்டையென்று கருதப்பட்ட ரஸ்ஸல் வில்சன் 2012இல் 75ஆம் ஆளாகவே எடுக்கப்பட்டார். இவர்களை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். எல்லோரும் குறைத்து மதிப்பிடும் ஒருவரை முதல் சுற்றில் எடுப்பது வீண்செலவு. இரண்டாம், மூன்றாம் சுற்றிலும் அவர் கிடைப்பார். சிறிய, காயம்பட்ட ஆட்டக்காரருக்கு உரிய இடம் பெரும்பாலும் பின்சுற்றுதான்.

இந்த நியாயம் நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துப் பையனுக்குப் பொருந்தாது என்பதே விஷயத்தின் முடிச்சு. இங்கே பின்சுற்று என்று ஒன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் செனவாங்குக்கும் பெயர்ந்த பிறகு, பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பதினொரு பேர் அணி சேர்ப்பதே பாடு. மாவட்டப் பள்ளிப் போட்டியில் அணி இல்லையென்றால் மாநிலத் தேர்வாளர் கண்ணில் பையன் படுவதில்லை. ஒருமுறை பட்டு, குட்டை என்று கழிக்கப்பட்டவன் அடுத்த ஆண்டு பேருந்துச் செலவு செய்துகொண்டு மறுபடி வருவான் என்று எதிர்பார்ப்பதும் நடக்காத காரியம். அவன் 16 வயதில் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து நிற்கும்போது தொழிற்சாலை வேலையில் இருப்பான்.

ஆகவே பின்சுற்றைத் தேர்வாளரே உண்டாக்க வேண்டும். பெல்ஜியக் காற்பந்துச் சங்கம் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனி இளையோர் தேசிய அணி வைத்தது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் அகாடமிகள், வயதுக்குப் பதிலாக முழு உயரத்தில் எத்தனை விழுக்காட்டை எட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பையன்களைப் பிரித்து ஆடவைத்தன. சிறியவர்கள் முதல்முறையாக ஆட்டத்தை நடத்தினார்கள். முன்கூட்டியே வளர்ந்தவர்கள், வலிமை உதவாதபோது திணறினார்கள். ஒரு மாநிலம் இதைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். வட்டாரப் பயிற்சி மையத்தில் விடுதி இல்லாத நான்கைந்து இடங்களும் ஒரு வேனும் இருந்தால் தொடங்கலாம்.

விடுதிக் கட்டிலை நேரடியாகக் கொடுக்கத் தக்கவன் யார் என்பதும் இப்போது தெளிவாகிறது. தாமத வளர்ச்சி அளவுகளால் உறுதியானவன், காயம் வளர்ச்சியோடோ ஆட்டச் சுமையோடோ தொடர்புடையது என்று தெரிந்தவன், மேலே சொன்ன பார்வையும் பந்தடக்கமும் உள்ளவன். மூன்றும் சேர்ந்தால் தயங்கவே வேண்டாம். உயரம் இனி கூடாது, ஆனால் காயமில்லை, இரண்டு இடங்களில் ஆடத் தெரியும் என்றாலும் கொடுக்கலாம். ஏ.சி.எல். அறுவை முடிந்து ஓராண்டு ஆகாதவனுக்கு, எவ்வளவு உயரமானவனாக இருந்தாலும், கட்டில் இல்லை. ஒன்பது மாதம் கடந்திருந்தால் வேன் இடம் உண்டு. ஒரே தசை மூன்றாம் முறை கிழிந்தவனுக்கு அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே.

கழிக்கப்பட்ட ஒவ்வொரு பையனின் பெயருக்கு எதிரிலும் உயரம், உட்கார்ந்த உயரம், எடை, பூட்ஸ் அளவு, பெற்றோர் உயரம், காயத்தின் பெயரும் தேதியும், மறுபடி பார்க்க வேண்டிய மாதம் ஆகியவை எழுதப்பட வேண்டும். அந்த மாதம் வந்ததும் பையனைச் சிரம்பானுக்கு வரச் சொல்லக்கூடாது. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தேர்வாளர் தோட்டத்துக்குப் போக வேண்டும்.