எஃகின் பதம்

நுழையும்முன்

இரும்பைக் கண்டறிந்தது மனித நாகரிகத்தின் பெரும்பாய்ச்சல். ஆயினும், இரும்பு கிடைத்துவிட்டதால் மட்டும் நல்ல கருவி கிடைத்துவிடுவதில்லை. ஒரே எஃகுத்துண்டு, அதனைக் காய்ச்சிக் குளிர்விக்கும் முறைக்கேற்பக் கண்ணாடிபோல் நொறுங்கவும் கூடும்; வில்போல் வளைந்து நிமிரவும் கூடும். நெருப்பையும் நீரையும் கொண்டு எஃகின் இயல்பை மாற்றும் அக்கலையே வெப்பப் பக்குவம். உளி முதல் அடுக்குமாடிக் கட்டடம் வரை அதன் பங்கினை இப்பாடம் விளக்குகிறது.

கடினமும் கட்டுறுதியும்

பேச்சுவழக்கில் 'வலிமை' என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பதை உலோகவியல் பல பண்புகளாகப் பகுக்கிறது. கீறலுக்கும் தேய்மானத்திற்கும் இடங்கொடாத பண்பு கடினம். அடியைத் தாங்கி, வளைந்தேனும் முறியாமல் நிற்கும் பண்பு கட்டுறுதி. இரும்பையே தேய்க்கும் அரம் மிகக் கடினமானது; ஆனால், அதனை வளைக்க முயன்றால் சட்டென்று முறிந்துவிடும். வண்டியின் வில்தகடு அரத்தைப்போல் கடினமானதன்று. ஆயினும், பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்கிறது. கடினம் கூடினால் கட்டுறுதி குறைவது எஃகின் பொது இயல்பு. இவ்விரண்டையும் வேண்டிய அளவில் இணைப்பதே வெப்பப் பக்குவத்தின் நோக்கமாகும்.

எஃகினுள் நிகழ்வது என்ன?

எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கரியும் சேர்ந்த உலோகக்கலவை. ஏறத்தாழ 0.8 விழுக்காடு கரியுள்ள எஃகினை 727 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சினால், இரும்பணுக்களின் அடுக்குமுறை மாறுகிறது. புதிய அடுக்கின் இடைவெளிகளில் கரியணுக்கள் கரைந்து பரவுகின்றன. இந்நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயர்.

இதனை மெல்ல ஆறவிட்டால், கரியணுக்கள் வெளியேறி இரும்புடன் சேர்ந்து மெல்லிய படலங்களாகப் படிகின்றன. முத்துச்சிப்பியின் உட்புறம்போல் ஒளிர்வதால் இவ்வமைப்பு பியர்லைட் எனப்படுகிறது. இவ்வாறு ஆறிய எஃகு ஓரளவு மென்மையானது, அரத்தால் தேய்க்கலாம்.

மாறாக, செந்தணலாய்ச் சிவந்த எஃகைத் தண்ணீரில் தோய்த்தால், கரியணுக்கள் வெளியேறக் காலம் வாய்ப்பதில்லை. இருந்த இடத்திலேயே சிறைப்பட்டு, இரும்பணுக்களின் அடுக்கை நெருக்கித் திரிக்கின்றன. இதனால் பிறக்கும் மார்ட்டன்சைட் என்னும் அமைப்பு மிகக் கடினமானது. ஆனால், உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் எளிதில் நொறுங்கும். எனவே, தோய்ச்சல் என்பது பாதி வேலையே.

உளியின் நிறம் சொல்லும் செய்தி

வேலை வடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் கடமையாகப் புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கூறுகிறார். அவ்வடித்தற்கலையின் நுட்பத்தை உளி செய்யும் பட்டறையில் காணலாம்.

கொல்லர் உளியின் முனைப்பகுதியைச் சிவக்கக் காய்ச்சி, நுனியை மட்டும் நீரில் தோய்த்து எடுப்பர். நுனி குளிர்ந்து கடினமாகிவிடும். உடற்பகுதியில் வெப்பம் எஞ்சியிருக்கும். நுனியை விரைந்து தேய்த்துப் பளபளப்பாக்கினால், எஞ்சிய வெப்பம் நுனியை நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். ஏறத்தாழ 220 பாகையில் இளமஞ்சள், 260 பாகையில் பழுப்பு, 280 பாகையில் ஊதா, 300 பாகையில் நீலம் என நிறங்கள் தோன்றும். உலோகப் பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிப்பு மாறுவதே இந்நிறமாற்றத்திற்குக் காரணம்.

வேண்டிய நிறம் நுனியை எட்டியவுடன் உளி முழுவதையும் நீரில் இட்டு வெப்பத்தை நிறுத்துவர். கூர்மையே முதன்மையான கருவிக்கு இளமஞ்சள் போதும். அடிதாங்கும் உளிக்கு ஊதா வேண்டும். வளைந்து நிமிர வேண்டிய வில்லுக்கு நீலம் ஏற்றது. இவ்வாறு மிதமாக மீண்டும் சூடாக்கும்போது சிறைப்பட்ட கரியணுக்களில் ஒரு பகுதி விடுபட, உள்ளழுத்தம் தணிகிறது. சிறிது கடினத்தை இழந்து எஃகு பெருங்கட்டுறுதியைப் பெறுகிறது. பொறியியலார் இதனை 'டெம்பரிங்' என்பர்; தமிழில் பதப்படுத்துதல் எனலாம்.

தெரியுமா?

ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் தூய இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் பண்பை இழக்கிறது. தோய்ச்சலுக்குரிய வெப்பநிலையை எஃகு நெருங்கிவிட்டதா என்பதைக் காந்தத்தைக் காட்டி அறியும் வழக்கம் கொல்லரிடையே உண்டு.

கண்ணறிவும் கருவியறிவும்

ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவில் மண்மூசைகளில் உருக்கப்பட்ட உயர்கரி எஃகு கடல்கடந்து புகழ்பெற்றது. அதனைத் தம் வழக்கப்படி மிகுந்த வெப்பத்தில் காய்ச்சி அடித்த ஐரோப்பியக் கொல்லரிடம் அது நொறுங்கியது. சிறந்த பொருளும் அதற்குரிய பதமறியாதார் கையில் பயன்தராது என்பதற்கு இதுவே சான்று.

எஃகின் உள்ளமைப்பை நுண்ணோக்கியால் ஆராயும் முறையைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி, காலம் 1860கள். பின்னர், செருமானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டன்சின் நினைவாக மார்ட்டன்சைட் பெயர்பெற்றது. கொல்லர் நிறத்தால் அறிந்து செய்ததன் காரணத்தை நுண்ணோக்கி விளக்கியது.

வீட்டைத் தாங்கும் எஃகு

இன்றைய கட்டடங்களில் பயன்படும் டி.எம்.டி. கம்பியும் உளியின் வழியிலேயே பக்குவமடைகிறது. உருளைகளிடையே செந்தணலாய் வெளிவரும் கம்பியின்மீது நீர் வேகமாகப் பீய்ச்சப்படுகிறது. அதன் புறப்பகுதி உடனே குளிர்ந்து கடினமாகிறது. நடுப்பகுதி வெப்பத்துடனே இருக்கிறது. பின்னர், அவ்வெப்பம் வெளிநோக்கிப் பரவிப் புறப்பகுதியைப் பதப்படுத்துகிறது. உளியில் உடலின் வெப்பம் நுனியைப் பதப்படுத்துவதுபோல், கம்பியில் அகத்தின் வெப்பம் புறத்தைப் பதப்படுத்துகிறது.

ஐ.எஸ். 1786 என்னும் இந்தியத் தரநிலையின்படி, 'எஃப்.இ. 500' வகைக் கம்பி முறியுமுன் குறைந்தது 12 விழுக்காடு நீள வேண்டும். '500 டி' வகைக்கு இது 16 விழுக்காடு. நிலநடுக்கத்தின்போது கம்பி நீண்டு வளைந்தால் கட்டடம் உடனே சரியாமல், உள்ளிருப்போர் வெளியேறக் காலம் கிடைக்கும். பணியிடத்தில் இக்கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைத்தால், ஆலையில் பெற்ற பதம் கெட்டு வலிமை குன்றும். உரிய கருவிகொண்டு குளிர்நிலையிலேயே வளைத்தல் வேண்டும்.

கடினம் மட்டுமே வலிமையன்று. தாங்குவதற்கும் வளைவதற்கும் உரிய அளவறிந்து நிறுத்துவதே பதம். அவ்வளவை அறிந்தவர் கையில்தான் இரும்பு கருவியாகிறது, கட்டடம் காப்பாகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதுக.
2. அரம், உளி, வில்தகடு ஆகியவற்றுக்கு வெவ்வேறு பதம் தேவைப்படுவதன் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. 'தோய்ச்சல் என்பது பாதி வேலையே' – இக்கூற்றைப் பாடப்பகுதி வழி நிறுவுக.