பிரசவ வார்டிலிருந்து யோகா வகுப்புக்கு

கேள்வி: பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பயிற்சி பெற்று, கர்ப்பிணிகளுக்கு யோகா சொல்லித்தரலாமா?

பதில்: தாராளமாக, சகோதரி. ரத்த அழுத்தம் ஏறுவது, உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது போன்ற அபாய அறிகுறிகள் உங்களுக்கு அத்துப்படி. யோகா மட்டும் படித்தவருக்கு அந்தக் கண் எளிதில் வராது.

ஆனால் முதலில் நீங்களே தினமும் செய்து பழகுங்கள். கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வெகுநேரம் மல்லாந்து படுத்தால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தைக் கருப்பை அழுத்தும், தலை சுற்றும். சவாசனத்தைக்கூட இடதுபக்கம் ஒருக்களித்துத்தான் சொல்லித்தர வேண்டும். மூச்சை அடக்குவது, கபாலபாதி, வயிற்றை முறுக்கும் ஆசனங்கள் கூடாது. கர்ப்பத்தில் மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்திருக்கும். உடல் வளைகிறதே என்று இன்னும் வளைக்கச் சொல்லாதீர்கள். நிதானமான, நீண்ட வெளிமூச்சை நன்றாகப் பழக்குங்கள். வலி நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

பிரசவத்துக்குப் பின் மென்மையான மூச்சுப் பயிற்சியும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியுமே முதலில் போதும். சிசேரியன் ஆனவருக்கு, டாக்டர் பார்த்துச் சொல்லாமல் வயிற்றுக்கான ஆசனங்கள் வேண்டாம்.

மேற்பார்வையில் நிஜக் கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுக்க வைக்கும் பயிற்சியிலேயே சேருங்கள். வெறும் சான்றிதழ் தருகிற வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.