வெப் ஹோஸ்டிங்கை கேன்சல் பண்ணா பணம் முழுசா திரும்ப வருமா?



ஆன்லைன்ல சின்னதா ஒரு தொழில் தொடங்கணும், ஒரு பிளாக் எழுதணும்னு நினைக்கிறவங்க முதல்ல செய்யற செலவுகள்ல ஒன்று வெப் ஹோஸ்டிங். "30 நாள் மணி பேக் கேரண்டி" என்ற வரியைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்துடும். "பிடிக்கலைன்னா வாங்கிக்கலாம்"னு 4 வருஷத்துக்கு மொத்தமா பணம் கட்டிடறோம். அந்த கேரண்டி பொய் இல்லை. ஆனா அது உங்க பில்லில் ஒரு பகுதிக்கு மட்டும்தான். அது எந்தப் பகுதி, எத்தனை நாளுக்கு என்று பணம் கட்டும் முன்பே தெரிஞ்சிருக்கணும்.

கேரண்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

1. நாள் கணக்கு நீங்க பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடும். வெப்சைட்டை எப்போ தொடங்கினீங்க என்பது கணக்கில் வராது. வாங்கிப் போட்டுட்டு 40 நாள் கழிச்சு லாகின் செய்தால் கேரண்டி முடிஞ்சிருக்கும்.

2. டொமைன் பெயருக்குக் கட்டிய பணம் பொதுவா திரும்ப வராது. உங்க பெயரில் பதிவு செய்யும்போதே அந்தப் பணத்தில் ஒரு பகுதி டாட் காம் போன்ற பெயர்களை நிர்வகிக்கும் அமைப்புக்குப் போயிடும். "டொமைன் இலவசம்" என்று கொடுத்திருந்தாலும், கேன்சல் செய்யும்போது அதன் விலையைக் கழிச்சுட்டு மீதியைத் தரும் நிறுவனங்கள் உண்டு. புளூஹோஸ்ட் அப்படித்தான் செய்யுது.

3. மாதத் திட்டத்துக்கும் வருடத் திட்டத்துக்கும் விதி வேறாக இருக்கலாம். உதாரணமா, கோடாடியில் வருடத் திட்டத்துக்கு 30 நாள். மாதத் திட்டத்துக்கு 48 மணி நேரம் மட்டும்தான்.

4. எஸ்எஸ்எல், சைட்டை மாற்றித் தரும் சேவை போன்ற கூடுதல் சேவைகளுக்குத் தனி விதி இருக்கும். ரெனியூவலுக்கு ரீஃபண்ட் உண்டா என்பதையும் தனியா பாருங்க. பல இடங்கள்ல கேரண்டி முதல் முறை வாங்குவதற்கு மட்டும்தான்.

விதிகள் அடிக்கடி மாறும். வாங்கும் அன்றைக்கே ரீஃபண்ட் பாலிசி பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இவை புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள்.

திட்டம் ஒன்று: மாதம் ₹149 வீதம் 4 வருஷத்துக்கு மொத்தமா கட்டணும். 48 மாதத்துக்கு ₹7,152. அதன் மேல் 18% ஜிஎஸ்டி ₹1,287. மொத்தம் ₹8,439.

திட்டம் இரண்டு: மாதம் ₹249 வீதம் 1 வருஷம். ஜிஎஸ்டியோட ₹3,526. அடுத்த வருஷத்திலிருந்து ரெனியூவல் விலை மாதம் ₹499, அதாவது வருஷத்துக்கு ஜிஎஸ்டியோட ₹7,066.

முதல் திட்டத்தை 20-வது நாளில் கேன்சல் செய்தால், இலவசமா வந்த டொமைனுக்கு ₹999-உம் ஜிஎஸ்டியும் சேர்த்து ₹1,179 கழிச்சுட்டு ₹7,260 கைக்கு வரும்.

அதையே 8-வது மாதத்தில் கேன்சல் செய்தால்? மீதி 40 மாதத்துக்குப் பணம் தருவாங்கன்னு நினைப்போம். பெரும்பாலும் ஒரு ரூபாய்கூட வராது. முழு ₹8,439-உம் போச்சு. இரண்டாவது திட்டத்தில் இருந்திருந்தா இழப்பு ₹3,526-ஓட நின்றிருக்கும்.

அப்போ நீண்ட கால திட்டம் தப்பா? இல்லை. சைட்டை இரண்டு வருஷம் ஓட்டினாலே இரண்டாவது திட்டத்துக்கு ₹10,592 ஆயிடும். நிச்சயமா தொடர்ந்து நடத்தப் போறவங்களுக்கு முதல் திட்டம்தான் லாபம். ஒரு வருஷம் தாண்டுவோமா என்றே சந்தேகமா இருந்தா, கொஞ்சம் விலை அதிகமா தெரிந்தாலும் குறுகிய திட்டம்தான் பாதுகாப்பு.

எந்தத் திட்டமா இருந்தாலும் முதல் 25 நாளை ஒரு பரீட்சை மாதிரி நடத்துங்க. சைட்டை ஏற்றி, வேகம் பார்த்து, ராத்திரி நேரத்தில் சப்போர்ட்டிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. முடிவை 25-வது நாளில் எடுத்துடுங்க.

மூன்று பட்டன், மூன்று வேலை

பலர் குழம்புவது இங்கேதான்.

ஆட்டோ ரெனியூவலை நிறுத்தினால் அடுத்த முறை பணம் எடுக்க மாட்டாங்க, அவ்வளவுதான். கட்டிய பணம் வராது.

கேன்சல் கொடுத்தால் சேவை நிற்கும். "உடனே" நிறுத்தணுமா, "காலம் முடியும்போது" நிறுத்தணுமா என்று கேட்பாங்க. உடனே என்று கொடுத்தால் ஃபைல்கள், மெயில் எல்லாம் அழிஞ்சு போகலாம்.

ரீஃபண்ட் கேட்பது பல இடங்களில் தனி வேலை. கேன்சல் செய்துட்டோம், பணம் தானா வரும்னு காத்திருந்தா கெடு முடிஞ்சு போயிடும்.

கேன்சல் செய்யும் வரிசை

முதலில் பேக்கப். ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் உங்க கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கங்க. அதே ஹோஸ்டிங்கில் மெயில் வச்சிருந்தா அதையும் இறக்கிடுங்க. வாடிக்கையாளர்களோட பேசியது எல்லாம் அதில்தான் இருக்கும்.

இரண்டாவது, டொமைன். பணத்தைவிடப் பெரிய இழப்பு இங்கேதான் வரலாம். ஹோஸ்டிங்கை கேன்சல் செய்தாலும் டொமைன் உங்க பெயரில் தொடருமா என்று சப்போர்ட்டிடம் எழுத்தில் கேளுங்க. புதுசா பதிவு செய்த டாட் காம் பெயரை முதல் 60 நாளுக்கு வேற நிறுவனத்துக்கு மாற்ற விடமாட்டாங்க. அதனால் ஹோஸ்டிங்கை மட்டும் விட்டுட்டு, டொமைனை அங்கேயே வச்சுக்க வேண்டி வரும். அதன் ரெனியூவலை மறந்து காலாவதியாக விட்டா, மீட்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பாங்க. அதையும் விட்டா வேற யாராவது வாங்கிடலாம்.

மூன்றாவது, எழுத்தில் கோரிக்கை. போனில் பேசினாலும் டிக்கெட் ஒன்று போடுங்க. ஆர்டர் எண், கட்டிய தேதி, தொகை, "கேரண்டி காலத்துக்குள் கேன்சல் செய்து ரீஃபண்ட் கேட்கிறேன்" என்ற வரி, இது போதும். "மூணு மாசம் இலவசமா தர்றோம், இருங்க"ன்னு சொல்வாங்க. யோசிக்கிற நேரத்திலும் நாள் ஓடிட்டே இருக்கும்.

நான்காவது, வங்கிப் பக்கம். கார்டு, யுபிஐ மூலம் தானா எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்பணும், விலகவும் வசதி தரணும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மெசேஜை அலட்சியம் செய்யாதீங்க. ₹15,000 வரை ஓடிபி இல்லாமலே எடுக்கலாம். உங்க வங்கி ஆப் அல்லது யுபிஐ ஆப்பில் அந்த மேண்டேட்டை நீங்களே ரத்து செய்துடுங்க.

டாலரில் கட்டியிருந்தா இன்னொன்று. வங்கி எடுத்த அந்நியச் செலாவணிக் கட்டணம் பொதுவா திரும்ப வராது. டாலர் மதிப்பும் மாறியிருக்கும். கட்டிய அதே ரூபாயை எதிர்பார்க்காதீங்க.

பணம் வரலைன்னா?

ரீஃபண்ட் ஒப்புக்கொண்ட பிறகும் கணக்கில் ஏற சில வேலை நாட்கள் ஆகும். அதுக்கு மேலும் வரலைன்னா டிக்கெட் எண்ணோட மறுபடி எழுதுங்க.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி பதில் வாங்க முயற்சி செய்வாங்க. அதுவும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். கட்டிய தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சேர சுலபமாக்கி, விலகக் கஷ்டமாக்கும் "சந்தா பொறி"யை 2023 நவம்பரில் வந்த விதிகள் தடை செய்திருக்கு. புகாரில் அதையும் குறிப்பிடுங்க.

பெரிய வணிகத்துக்காக வாங்கியவர்களை இந்தச் சட்டம் நுகர்வோரா எடுத்துக்காது. சுயதொழில் செய்து பிழைப்புக்காக வாங்கியவங்களுக்கு வழி உண்டு.

வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்பதைக் கடைசி ஆயுதமா வச்சுக்கங்க. சார்ஜ்பேக் வந்ததும் கணக்கையே முடக்கிடும் நிறுவனங்கள் உண்டு. டொமைனும் அதே கணக்கில் இருந்தா அதுவும் மாட்டிக்கும்.

கடைசியா ஒரு வேலை

பணம் கட்டிய உடனே மொபைல் காலண்டரில் இரண்டு நினைவூட்டல் போடுங்க. ஒன்று 25-வது நாள். இன்னொன்று ரெனியூவலுக்கு 15 நாள் முன்பு. இரண்டு நிமிஷ வேலை. சில ஆயிரம் ரூபாயை அதுதான் காப்பாற்றும்.

ஹோஸ்டிங் வச்சிருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க.