சொறி தரும் செடிகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நடந்து சென்று கூடாரமிட்டுத் தங்குவோர் அஞ்சவேண்டியவை விலங்குகள் மட்டுமல்ல. காஞ்சொறி என்னும் பெயரிலேயே சொறி இருக்கின்றது. பட்டறிந்தவர் இட்ட பெயர் போலும்! செந்தட்டி எனவும் வழங்கும் சிறுகாஞ்சொறி, புதர்களைச் சுற்றிப் படரும் மெல்லிய கொடி. அதன் சுணை பட்ட அக்கணமே தோல் எரியும். பூனைக்காலியின் சுணையோ நெற்றின் மேலுள்ளது. காய்ந்த நெற்றை அசைத்தாலே காற்றில் பறந்து வந்து ஒட்டும். இவ்விரண்டிலும் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் சுணை மேலும் புதையும். ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுத்த பின் கழுவுதலே முறை.

சேங்கொட்டை மரத்தின் இயல்பு வேறு. மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது அது. அதன் கொட்டையின் கருஞ்சாற்றைக் கொண்டே சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாக் குறியிட்டனர். அச்சாறு பட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் தோன்றாது. ஓரிரு நாள் கழித்தே கொப்புளம் எழும். இத்தாமதமே பெரும் இடர். பட்டதை அறியாது அக்கையாலேயே முகத்தையும் கண்ணையும் தொட்டுவிடுகின்றோம். எனவே ஐயம் எழுந்தவுடனேயே சோப்பிட்டு நன்கு கழுவுதல் வேண்டும். உடுத்த ஆடையையும் கையாண்ட கத்தியையும் விடலாகாது. இம்மரத்தின் சுள்ளிகளை அடுப்பெரிக்கப் பொறுக்குதலும் ஆகாது. அதன் புகையும் கண்ணை உறுத்தும்.