கடன் தீர்க்கும் வழியும் தொழில் மாற்றும் வேளையும்



தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பக்கங்களில் வாழும் நம் குடும்பத் தலைவர்கள் பலரை இரண்டு கவலைகள் ஒருங்கே வாட்டுகின்றன. "இந்தக் கடன் என்றைக்குத் தீரும்?" என்பது ஒன்று. "இதே தொழிலில் காலந்தள்ளுவதா, வேறு தொழிலுக்குப் போய்விடுவதா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே முடிச்சாய்ப் போட்டு, கடன்காரனுக்குப் பயந்து அவசரத்தில் தொழிலை மாற்றுவோர் உண்டு. கடன் இருக்கிறதே என்று அஞ்சி, விட வேண்டிய தொழிலை விடாதிருப்போரும் உண்டு. இரண்டும் பிசகே. ஆதலால் இவ்வாரம் இந்த முடிச்சை அவிழ்க்கும் முறையைப் படிப்படியாய்க் கற்போம்.

1. கடன் எங்கிருந்து வந்தது?

வைத்தியர் நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, கடந்த ஐந்தாண்டில் வாங்கிய கடன் ஒவ்வொன்றும் எதற்காக வாங்கப்பட்டதென்று ஒரு தாளில் எழுதுங்கள்.

மகள் கலியாணம், பிள்ளையின் புதுநன்மை விருந்து, வீட்டுக்கு மாடி எடுத்தது, ஆஸ்பத்திரிச் செலவு என்று எழுத நேர்ந்தால், உங்கள் தொழில்மேல் பழியில்லை. எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்தக் கடன் பின்னாலேயே வரும். புதுநன்மைக்கு வேண்டியது பிள்ளையின் சுத்தமான இருதயம். முந்நூறு பேருக்குப் பிரியாணி அல்ல. இதை உங்கள் பங்குக் குருவே சொல்லுகிறேன். பிறர் என்ன சொல்வார்களோ என்று கூச வேண்டாம்.

அப்படியன்றி, சரக்கு எடுக்கக் கடன், கடை வாடகைக்குக் கடன், வேலையில்லாத மாதங்களில் அரிசிக்குக் கடன் என்று ஆண்டுதோறும் எழுத நேர்ந்தால், தொழிலே கடனைப் பெறுகிறது. நல்ல வருஷத்திலும் கடன் குறையாத தொழில் மாற்றப்பட வேண்டிய தொழிலே. பாட்டன் பார்த்தது, தகப்பன் பார்த்தது என்னும் பெருமை வட்டி கட்டாது.

2. எரிகிற கடனை முதலில் அணைத்தல்

கடன்களெல்லாம் ஒரே தன்மையுள்ளவை அல்ல. ஒரு குடும்பத்தைக் கற்பனையாய் வைத்துக்கொள்வோம். கந்துக்காரரிடம் 40,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் 60,000 ரூபாய், நூற்றுக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் வட்டி. மைத்துனரிடம் கைமாற்று 20,000 ரூபாய், வட்டியில்லை. ஆக மொத்தம் 1,20,000 ரூபாய்.

இதில் பெரிய கடன் எது? 60,000 என்று சொல்வீர்கள். வட்டியைப் பாருங்கள். நகைக்கடனுக்கு மாதம் 500 ரூபாய் வட்டி. கந்துக் கடனுக்கோ மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000. இருபதே மாதத்தில் வாங்கிய 40,000 முழுவதும் வட்டியாகவே போய்விடும். அசலில் ஒரு காசும் குறைந்திராது.

அந்த வீட்டம்மாளிடம் இன்னும் சிறிது நகை மீதியிருந்து, அதைச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து 40,000 வாங்கி, கந்துக் கணக்கை முடித்துவிட்டால் என்ன ஆகும்? முன்பு வட்டிக்கென்றே கொடுத்த அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் தவறாமல் சங்கத்தில் கட்டினால், 22 மாதத்தில் அசலும் வட்டியும் முற்றிலும் தீர்ந்துவிடும். சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, தொழிலும் மாறவில்லை, கடன் மாத்திரம் இடம் மாறிற்று.

நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவென்று எண்ணி, இருட்டில் கந்துக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள். இத்தாலி தேசத்தில் பெருஜியா நகரில் 1462-ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் ஏழைகளுக்காக அடகு நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். கொடிய வட்டியிலிருந்து எளியவரைக் காப்பதே அதன் நோக்கம். நடத்தும் செலவுக்கு மட்டும் சொற்ப வட்டி வாங்கலாமென்று 1515-இல் லாத்தரன் சங்கம் அனுமதித்தது. நம் இந்தியாவிலும் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதே நோக்கத்தோடு பிறந்தது. ஆகையால் சங்கத்தின் படியேறுவதில் வெட்கமில்லை. ஆனால் எச்சரிக்கை: பழைய கணக்கு முடிந்ததென்று கந்துக்காரரிடம் எழுதி வாங்கி, கொடுத்த வெற்றுத் தாளையும் காசோலையையும் திருப்பிப் பெற்ற பின்பே அவர் வாசலை விட்டு நகருங்கள்.

3. கையில் நிற்கும் பணத்தை ஒப்பிடுதல்

கடன் சற்று அடங்கியபின் தொழிலைப் பற்றி யோசிக்கலாம். இங்கே பலர் செய்யும் தவறு, புது வேலையின் சம்பளத்தைப் பழைய தொழிலின் மோசமான மாதத்தோடு ஒப்பிடுவது.

குற்றாலத்தில் சீசன் கடை நடத்துகிற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சாரல் காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும், சரக்கும் வாடகையும் போக மாதம் 25,000, மொத்தம் 75,000. மற்ற ஒன்பது மாதம் கிடைத்த கூலிக்குப் போய் மாதம் 8,000, மொத்தம் 72,000. ஆண்டுக்கு 1,47,000 ரூபாய். அவரிடம் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, கொல்லத்துப் பக்கம் கட்டட வேலை இருக்கு, மாசம் பதினெட்டாயிரம்" என்கிறார். ஒன்பது மாதமாய் 8,000 பார்த்த கண்ணுக்குப் பதினெட்டாயிரம் மலையாய்த் தெரிகிறது.

கணக்குப் போடுவோம். இங்கே சாரல் விழும் அதே மாதங்களில் கேரளத்தில் பெருமழை. கட்டட வேலை குறையும். பத்து மாத வேலை என்றால் 1,80,000. அறை, சாப்பாடு, போக்குவரத்து மாதம் 6,000 வீதம் 60,000 போனால் மீதி 1,20,000. பெரிதாய்த் தெரிந்ததே சிறிதாயிற்று!

ஆயினும் நியாயமாய் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020-இலும் 2021-இலும் கொரோனா நோயினால் அருவிகளில் குளிக்கத் தடை ஏற்பட்டுச் சீசன் வியாபாரம் படுத்துப்போயிற்று. தண்ணீர் விழாத வருஷமும் உண்டு. வெள்ளத்தால் தடை போடும் நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட வருஷத்தில் 75,000 கிடைக்குமிடத்தில் 20,000 கிடைத்தால், ஆண்டு வருமானம் 92,000-ஆக இறங்கும். இரண்டு நல்ல வருஷமும் ஒரு கெட்ட வருஷமும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏறக்குறைய 1,28,600. கேரளத்து வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்படியானால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது பணம் அல்ல. தகப்பன் வீட்டிலிருப்பதும், பிள்ளைகளின் படிப்பும், இராச் செபத்துக்குக் குடும்பம் கூடுவதுமே.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு பாடத்தையும் காணுங்கள். இவருடைய பலவீனம் மூன்று மாதத்தில் இல்லை. ஒன்பது மாதத்தில் இருக்கிறது. சீசன் கடையை விடாமலே அந்த ஒன்பது மாதக் கூலியை ஒரு கைத்தொழிலாய் மாற்றலாமே! குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பதோ, மின்கம்பி வேலையோ, பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி எடுத்து விற்பதோ, எதுவானாலும் 8,000 என்பது 12,000 ஆனால் ஆண்டுக்கு 36,000 கூடும். தொழில் மாற்றம் என்றால் முழுவதையும் கவிழ்த்துப்போடுவதென்று அர்த்தமில்லை.

4. தொழில் மாறுவதற்குக் கடன் வாங்காதிருத்தல்

நற்செய்தியில் சேசுநாதர், கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டுமென்று போதித்தார். அஸ்திவாரத்தோடு நின்றுபோன கோபுரங்கள் நம் தெருக்களிலும் உண்டு. அவற்றில் பல, வளைகுடா விசாவுக்காக வட்டிக்கு வாங்கிய பணத்தில் எழுந்தவை.

ஏஜெண்ட் 1,20,000 கேட்கிறார். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறோம். வட்டி மட்டும் மாதம் 3,600, ஆண்டுக்கு 43,200. போன இடத்தில் சம்பளம் குறைந்தாலும் வேலை மாறினாலும் வட்டி குறையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் மாத்திரமே. அதற்கு ரசீது தர வேண்டும். பதிவு எண்ணைக் காட்டாதவரிடமும், ரசீது கொடுக்க மறுப்பவரிடமும் பணம் கொடாதீர்கள்.

கற்றுக்கொள்வதற்கும் கடன் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒன்று என்னும் திட்டத்தில் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தங்குமிடமும் உணவும் பயிற்சியும் இலவசம். விவரத்தை உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள். நம் தென்காசிப் பக்கத்திலேயே ஸோஹோ கம்பெனி நடத்தும் பள்ளியில், தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைகள் கட்டணமின்றி உதவித்தொகையுடன் கணிப்பொறித் தொழில் கற்கிறார்கள். இவற்றையெல்லாம் விசாரித்த பின்பே, இலட்சக்கணக்கில் பணம் கேட்கும் பயிற்சி நிலையத்தின் வாசலை மிதியுங்கள்.

அர்ச். சின்னப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். உலகமெங்கும் வேதம் போதிக்கப் புறப்பட்ட அவர், கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தம் பழைய கைத்தொழிலை விடவில்லை. பெரிய அலுவல் வந்ததென்று சிறிய தொழிலை எறிந்துவிடாதிருப்பது விவேகம்.

5. பழைய தொழிலை விடும் வேளை

சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் தாய்மார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. முதுகுவலியும் தூளின் நெடியும் அறிந்த உங்களுக்கு, "மகளாவது இதைத் தொடக்கூடாது" என்னும் ஆசை இருக்கிறது. அது நல்ல ஆசை. ஆனால் நீங்கள் விடுவதற்குமுன் ஒன்று பாருங்கள். உங்கள் பெயரில் கம்பெனி வருங்கால வைப்புநிதி செலுத்தி வருகிறதென்றால், எத்தனை ஆண்டுச் சேவை ஆயிற்றென்று கேளுங்கள். பத்தாண்டுச் சேவை நிறைந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. எட்டரை ஆண்டில் கோபித்துக்கொண்டு விட்டு, பி.எப். பணம் முழுவதையும் எடுத்துக் கடனுக்குக் கொடுத்துவிட்டால், முதுமைக்கு ஒன்றுமில்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். மகள் சொளகைத் தொடாமலிருக்க அதுவும் ஒரு வழி.

ஆண்களானாலும் பெண்களானாலும் மூன்று அடையாளங்கள் சேர்ந்தபின் பழைய தொழிலை விடலாம்: கந்துக் கடன் முற்றிலும் தீர்ந்திருக்க வேண்டும், மூன்று மாத வீட்டுச் செலவுக்குப் பணம் ஒதுங்கியிருக்க வேண்டும், புதுத் தொழிலைப் பழைய தொழிலோடு சேர்த்துச் சில மாதமாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

6. மிரட்டலுக்கு அஞ்சாதிருத்தல்

2017-ஆம் ஆண்டு அக்டோபரில், நம் பக்கத்துக் கிராமத்துக் கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்று, கந்துவட்டிக் கொடுமையென்று மனுக்கள் கொடுத்தும் ஆறுதல் காணாமல், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டது. தாய், தகப்பன், இரண்டு சிறுபெண்கள். அந்தக் குழந்தைகளை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. எந்தக் கடனும் ஒரு உயிருக்கு ஈடல்ல.

கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றை வாங்குவது தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வீட்டு வாசலில் வந்து அவமானப்படுத்துவோர்மேல் போலீஸில் புகார் கொடுக்கலாம். 2019 நவம்பர் முதல் தென்காசியே தனி மாவட்டம். மனுக்கொடுக்க நெல்லைக்குப் போக வேண்டியதில்லை. தனியே போகப் பயமானால் கோயில் வீட்டுக்கு வாருங்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். கூட வர ஆள் உண்டு.

சுருக்கமான வினா விடை

வினா: தொழிலை மாற்றினால் கடன் தீருமா?
விடை: தொழில் பெற்ற கடனானால் தீரும், ஆடம்பரம் பெற்ற கடனானால் தீராது.

வினா: எந்தக் கடனை முதலில் தீர்க்க வேண்டும்?
விடை: தொகை பெரியதையல்ல, வட்டி கொடியதை.

வினா: கடனோடு இருக்கிறவன் தொழில் மாறலாகாதா?
விடை: மாறலாம்; ஆனால் மாறுவதற்கென்று புதுக் கடன் வாங்கலாகாது.

வினா: இதை யார் தீர்மானிக்க வேண்டும்?
விடை: கணவனும் மனைவியும் சேர்ந்து. மனைவிக்குத் தெரியாத கடனும், கணவனுக்குத் தெரியாத குழுக்கடனும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளை செல்போனில் வாங்கிய கடனும் வெளிச்சத்துக்கு வரும் வரையில் கணக்கு முடியாது.

இன்று மாலை செபம் முடிந்தவுடன் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, கடன், வட்டி, வாங்கிய காரணம் என்று மூன்று வரிசை எழுதுங்கள். ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் எழுதுங்கள். தன் கைகளால் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காப்பாற்றின அர்ச். சூசையப்பர் உங்கள் வீட்டுக் கணக்கிலும் துணையிருப்பாராக.

உங்கள் பங்குக் குரு