கோப்பன்ஹேகனிலிருந்து ரோமுக்கு எவ்வளவு நேரம்?

மாணவர்களே, உலக வரைபடத்தில் டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனையும் இத்தாலியின் தலைநகர் ரோமையும் தேடிப் பாருங்கள். ஒன்றின் நேர் கீழே மற்றொன்று இருக்கும். முன்னது கிழக்குத் தீர்க்கரேகை 12.6 பாகையிலும் பின்னது 12.5 பாகையிலும் உள்ளன. ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை என்பதால் தூரத்தைக் காண்பது எளிது.

கோப்பன்ஹேகனின் அட்சரேகை வடக்கு 55.7 பாகை, ரோமுடையது 41.9. வேறுபாடு 13.8 பாகை. தீர்க்கரேகை வழியே ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஆகவே 13.8 × 60 = 828 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், தூரம் சுமார் 1,533 கிலோமீட்டர். சுவர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளக்காதீர்கள். பல வரைபடங்களில் வடக்கே போகப் போக நிலப்பரப்பு இழுபட்டிருக்கும்.

விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 1 மணி 48 நிமிடம் போதும். ஆனால் விமான அட்டவணையோ சுமார் இரண்டரை மணி நேரம் என்கிறது! மீதி எங்கே போனது? அட்டவணை நேரம், விமானம் நுழைவாயிலை விட்டு நகர்வதில் தொடங்கி, சென்ற இடத்தில் நுழைவாயிலில் நிற்பதுடன் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாகவே நடக்கும். 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட்டுக்குள் (மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர்) இருக்க வேண்டும். வான்பாதையும் நேர்கோடாக இருப்பதில்லை.

காற்றையும் மறக்கக் கூடாது. ஐரோப்பாவின் மேல்வானில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசும். ரோம் பயணத்தில் அது பக்கவாட்டில் மோதும். காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால், பைதாகரஸ் தேற்றப்படி தரைவேகம் √(850² − 100²) = 844. ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது.

மட்ரிட்–இஸ்தான்புல் பயணம் அப்படியன்று. தூரம் சுமார் 2,740 கிலோமீட்டர், திசை கிழக்கு. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 2 மணி 53 நிமிடம். திரும்பும்போது எதிர்த்தால் 3 மணி 39 நிமிடம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போதைய நட்டத்துக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: 6 மணி 32 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 6 மணி 27 நிமிடம்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் நட்டமே மிஞ்சுகிறது.

கடிகாரமும் ஏமாற்றும். கோடையில் இஸ்தான்புல் மட்ரிட்டைவிட ஒரு மணி நேரம் முந்தியிருக்கும். காலை 10.00க்குப் புறப்பட்டு அங்குள்ள நேரப்படி பிற்பகல் 3.15க்குச் சேர்ந்தால், பயண நேரம் 5 மணி 15 நிமிடம் அன்று; 4 மணி 15 நிமிடம். குளிர்காலத்தில் ஸ்பெயின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளும். துருக்கி 2016 முதல் மாற்றுவதில்லை. அப்படியானால், அதே பயணம் ஜனவரியில் காலை 10.00க்குத் தொடங்கினால் இஸ்தான்புல்லில் இறங்கும்போது மணி என்ன?