சிக்னல் முழுக்க இருக்கிறது, வேகம் எங்கே?

புது லேப்டாப் வாங்கிய வாரத்திலேயே "வைஃபை இழுக்கவில்லை" என்று அதைக் கடைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இணைய பிளானை உயர்த்துகிறவர்கள், பெரிய ஆன்டெனா வைத்த மோடத்தைத் தேடுகிறவர்கள், விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி போடுகிறவர்களும் உண்டு. பணம் போகிறது, நாள் போகிறது, வேகம் மட்டும் வருவதில்லை. பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே செலவு தொடங்கிவிடுவதுதான் காரணம்.

பார்க்க வேண்டிய பாதைகள் இரண்டு. லேப்டாப்பிலிருந்து மோடம் வரை ஒன்று. மோடத்திலிருந்து ஃபைபர் வழியாக வெளியே போவது மற்றொன்று. லேன் கேபிளை நேரடியாகச் செருகிப் பார்த்தால் இரண்டில் எது தடுமாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் லேன் துளையே இருப்பதில்லை. அவற்றில் மோடத்தின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பதில் வரும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். பதில் சில மில்லிசெகண்டுகளில் சீராக வந்தால் வைஃபை பாதை ஏறக்குறைய நலமாக இருக்கிறது. குறையை வெளியே தேட வேண்டும். பதில் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் என்று குதித்தாலோ இடையிடையே வராமலே போனாலோ இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. சிக்கல் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

நம்பிக்கை: லேப்டாப் புதுசு, அதில் குறை இருக்காது

இருக்கலாம். அதற்கு ஊரறிந்த சான்றே இருக்கிறது. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8723பிஇ என்ற வைஃபை சிப் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன் விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் வந்தது. அந்த அட்டையில் ஆன்டெனா கம்பியைச் செருக இரண்டு முனைகள் உண்டு. சில லேப்டாப்புகளிலோ ஒரே ஒரு ஆன்டெனாதான் பொருத்தப்பட்டிருந்தது. அதுகூடப் பெரிய குறையில்லை. ஆனால் கம்பி ஒரு முனையில் செருகியிருக்க, சிப்பின் நினைவகத்தில் மற்ற முனையைப் பயன்படுத்தும்படி எழுதி வைத்திருந்தார்கள். லினக்ஸ் போட்டவர்களுக்கு மோடம் அதே அறையில் இருந்தும் சிக்னல் தேய்ந்து கிடந்தது.

லினக்ஸின் வயர்லெஸ் டிரைவர்களைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்ட லாரி ஃபிங்கர் 2016இல் இதற்கு ஒரு வழி செய்தார். மூடியைத் திறந்து கம்பியை மாற்றிச் செருகினால் வாரன்டி போகக்கூடும். அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தால் அதன் டிரைவர் தடுமாறும். அதனால் எந்த முனையைப் பயன்படுத்துவது என்று பயனரே 1 அல்லது 2 என எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் வசதியை டிரைவரிலேயே சேர்த்தார். ஒற்றை வரி அமைப்பில் சிக்னல் நிமிர்ந்துவிட்டது. புதிதாக வாங்கிய பொருள் என்பதற்காகச் சந்தேகத்தை மோடத்தின் மேல் மட்டும் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தன் லேப்டாப் அப்படிப்பட்டதா என்று அறிய விரும்புகிறவர் அதையும் ஒரு செல்போனையும் மோடத்திலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிக்னல் அளவை எண்ணாகக் காட்டும் செயலியில் ஒப்பிடலாம். அவ்வளவு அருகில் அளவு மைனஸ் 40, 50 டிபிஎம் அளவில் இருப்பது இயல்பு. செல்போன் அப்படிக் காட்ட, லேப்டாப் மட்டும் மைனஸ் 70க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனாவையோ டிரைவரையோ சந்தேகிக்கலாம். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்தும் எண் மாறவில்லை என்றால், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுவது நல்லது.

நம்பிக்கை: கோடு முழுக்க இருந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது

அந்தக் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு இயங்குதளமும் தானே முடிவு செய்கிறது. டிபிஎம் அளவுகோலின் போக்கும் நாம் நினைப்பது போல இல்லை: ஒவ்வொரு 10 டெசிபல் இறக்கத்துக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மைனஸ் 50க்கும் மைனஸ் 80க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

அதைவிட முக்கியமானது, சிக்னலைச் சுற்றி எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, அந்த அலைவரிசையில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அந்தக் கோடுகள் சொல்வதே இல்லை. திருவிழா ஒலிபெருக்கியின் பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தத்துக்குக் குறைவில்லை. பேச்சு புரிகிறதா என்பது வேறு விஷயம்.

சென்னையிலோ கோவையிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களாக ஓடும். அத்தனையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், பகிர்ந்துகொள்ள இருப்பது மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். 3 அல்லது 4 காலியாக இருக்கிறதே என்று அங்கே மாற்றுகிறவர் உண்மையில் இரண்டு பக்கத்து இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறார். ஒரே சேனலில் இருக்கும் மோடங்கள் ஒன்றின் பேச்சை மற்றது கேட்டு முறை வைத்துப் பேசும். பாதி மேவி நிற்கும் சேனல்களுக்கு அந்தப் பேச்சு புரியாது, வெறும் இரைச்சல்தான்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய கருவியும் எல்லோரையும் இழுத்துப் பிடிக்கலாம். பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003இல் இதைக் காட்டினார்கள். 11 மெகாபிட்டில் பேசும் கணினிகளுக்கு நடுவே 1 மெகாபிட்டில் ஒன்று நுழைந்ததும் எல்லாவற்றின் வேகமும் அதன் நிலைக்கு இறங்கியது. ஆளுக்கு ஒரு முறை என்ற நியாயத்தில், மெதுவாகப் பேசுகிறவர் அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறார். இன்றைய நல்ல மோடங்கள் முறைக்குப் பதில் நேரத்தைப் பங்கிடுகின்றன. எல்லா மோடமும் அப்படி அல்ல.

நம்பிக்கை: பிளானை உயர்த்தினால் வேகம் கூடும்

வைஃபை 4 முறையில், ஒற்றை ஆன்டெனாவோடு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிடைக்கும் உச்ச இணைப்பு வேகமே 72 மெகாபிட். கையில் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதி. அப்படி இணைந்திருக்கும் லேப்டாப்புக்கு 100 மெகாபிட் பிளானும் 300 மெகாபிட் பிளானும் ஒன்றுதான். கூடுதல் வாடகை முழுதும் வீண். விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் லிங்க் ஸ்பீட், பேண்ட், சேனல், புரோட்டோகால் எல்லாம் எழுதியிருக்கும். அங்கே 2.4 என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான் முதல் வேலை. ஒற்றை ஆன்டெனாவானாலும் வைஃபை 5இல் 433 மெகாபிட், இரட்டை ஆன்டெனாவில் 867 வரை இணைப்பு கிடைக்கும். இடத்துக்கும் பஞ்சமில்லை: இந்தியாவில் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மோடங்களில் லேப்டாப் சில சமயம் 2.4ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் 5க்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி பல வைஃபை அட்டைகளில் உண்டு.

அதே சமயம், 5 எப்போதும் மேல் என்பதும் தவறு. செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே அது சோர்ந்துவிடும். கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் இன்னும் மோசம். அந்த அறைக்கு 2.4தான் கதி.

மோடத்தில் பாதுகாப்பு முறை பழைய டபிள்யூஈபி அல்லது டிகேஐபி என்று இருந்தால், எவ்வளவு புதிய லேப்டாப்பும் 54 மெகாபிட்டைத் தாண்டாது. டபிள்யூபிஏ2 ஏஈஎஸ் என்றோ டபிள்யூபிஏ3 என்றோ மாற்றினால் தீர்ந்தது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயரே தெரியவில்லையா? மோடம் 12 அல்லது 13ஆம் சேனலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அவை சாதாரணம். அந்நாட்டுக்கென்று அமைத்த வைஃபை அட்டைகள் பல அவற்றைக் கவனிப்பதில்லை.

நம்பிக்கை: பென்டிரைவுக்கும் வைஃபைக்கும் என்ன தொடர்பு

நேரடித் தொடர்பு உண்டு. யுஎஸ்பி 3.0 கருவிகள் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் பேசும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகியபோது அந்த அலைவரிசையின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்ததை அதில் காட்டியிருந்தார்கள். வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி நகர்வதும் இதனால்தான். டிஸ்க்கை எதிர்ப் பக்கத் துளைக்கு மாற்றுவது, நீளமான நல்ல கேபிளில் தள்ளி வைப்பது, அல்லது லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவது என மூன்றுக்கும் பலன் உண்டு.

நம்பிக்கை: முதல் நாளே மந்தம் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்

பெட்டியைப் பிரித்த முதல் ஒன்றிரண்டு நாட்களில் விண்டோஸ் தன் அப்டேட்டுகளை இறக்குகிறது, ஸ்டோர் செயலிகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன, ஒன்டிரைவ் படங்களையும் கோப்புகளையும் மேலேற்றுகிறது. மேலேற்றம் பாதையை அடைத்துவிட்டால் பக்கங்கள் திறப்பதும் தாமதமாகும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியைப் பார்த்தால் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பெயரோடு தெரியும். சார்ஜரைப் பிடுங்கியதும் மந்தமாகிறது என்றால் அது மின்சிக்கனம். வைஃபை அட்டைக்கான பவர் சேவிங்கை நிறுத்திப் பார்க்கலாம்.

நம்பிக்கை: ரிப்பீட்டர் வைத்தால் போதும்

கடையில் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். அதனால் வேகம் பாதியாகிறது. சிக்னலே எட்டாத மூலையில் அதைச் செருகினால் பலவீனமான சிக்னலைத்தான் அது பெருக்கும். கோடு நிறைந்துவிடும், வேகம் நிறையாது. ஃபைபர் உள்ளே நுழைந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னால், தரையோடு கிடக்கும் மோடத்தை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு ஏற்றிப் பார்ப்பதற்குப் பைசா செலவில்லை; அதை முதலில் செய்யலாம். அப்படியும் எட்டாத அறைக்கு லேன் கேபிள் இழுத்து, முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே உறுதியான வழி. கேட் 6 கேபிளில் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் குறையாமல் போகும்.